சாக்கின் மேல் ஒரு கால்

வெள்ளம் வடிந்து பதினோரு மணி நேரம் ஆகிறது. கொட்டகுடி ஆற்றுக்கு இன்னும் கரை கட்டவில்லை. தண்ணீர் ஏறினால் பள்ளத்து வயல்காரர்கள் எல்லோரும் அவரவர் வரப்பை வெட்டித் திறந்துவிடுவது வழக்கம். அப்போதுதான் வெள்ளம் எங்கும் மெல்லிசாகப் பரவி, ஒருவரையும் அழிக்காமல் போகும். போடிமெட்டுப் பக்கமிருந்து விழும் சாய்வெயிலில் குருவம்மாளின் நாற்றங்கால் மட்டும் பச்சையாக மின்னுகிறது. அடுத்த வயலில் வேலுத்தாய் முழங்கால் சேற்றில் நிற்கிறாள். அவளுடைய நாற்றும் போயிற்று, கட்டியிருந்த கன்றுக்குட்டியும் போயிற்று. “ஆறு ஒனக்கு மச்சான் மொறை போல. ஒரு நாத்தைக்கூடத் தொடலையே!” என்று சிரிக்கிறாள். குருவம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வரப்பில் வெட்டிய இடத்தில், சேற்றுக்கு வெளியே துருத்தி நிற்கும் பழைய ஏலக்காய்ச் சாக்கின் நுனியை வலது காலால் மிதித்து அழுத்துகிறாள். அது உள்ளே இறங்கவில்லை. நனைந்த சாக்கிலிருந்து ஏலக்காய் வாசம் கிளம்புகிறது. “பாதி நாத்தை நீ எடுத்துக்கக்கா.” “எதுக்கு ஆத்தா? ஆறு செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ?” என்று வேலுத்தாய் முந்தானையால் முகத்துச் சேற்றைத் துடைக்கிறாள். குருவம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகக் காலை எடுக்கிறாள்.

“ஆறு செய்யலக்கா. வெட்டுன என் வரப்பை நான்தான் மண்சாக்கு வச்சு அடைச்சேன்.”