பேர் போட்ட படகு

ஜீவராணிக்கு ரோகினியைக் கண்டாலே ஆகாது.

ரோகினி ஒரு படகு. மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் ஜீவராணியின் புருசன் சிவசாமி அக்கரைத் தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்குகிற படகு. பழைய சொந்தக்காரர் தன் மகள் பெயரை முகப்பில் எழுதி வைத்திருந்தார். அவர் விற்றுவிட்டுப் போனார், பெயர் போகவில்லை.

ஆறு வருசமாய்த் தோட்டமே சிவசாமியை 'ரோகினி புருசன்' என்றுதான் கூப்பிட்டது. கேட்கிறபோதெல்லாம் ஜீவராணிக்குப் பற்றிக்கொண்டு வரும். வராதா பின்னே?

பங்குனியில் தண்ணீர் இறங்கியதும் படகைக் கரையில் இழுத்துப் போட்டு, சுரண்டி, வார்னிஷ் அடித்து, சித்திரை வருசத்துக்குள் இறக்கிவிட வேண்டும். வருசா வருசம் சிவசாமி ரோகினிக்குத்தான் புதுப் பெயின்ட் பூசினான். பெயரை மாற்றினால் படகு கோவித்துக்கொள்ளுமாம். பெண்டாட்டி கோவித்துக்கொண்டால் பரவாயில்லையாம்!

இந்த வருசம் அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு வந்து ரோகினியை ஒரு எழுத்து மிச்சமில்லாமல் சுரண்டித் தள்ளினாள். தன் பெயரைப் போடாமல் லயத்து வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

இன்று மலையில் கொழுந்தே இல்லை. வெயில் அப்படி. நிறுத்துப் பார்த்தால் இரண்டு கிலோ குறைவு. கணக்கப்பிள்ளை நாள் சம்பளக் கணக்கில் அவளுக்கு அரைப் பேர் போட்டுவிட்டார். விடிந்ததிலிருந்து மேடும் பள்ளமுமாய் ஏறி இறங்கியதெல்லாம் அரை நாள் வேலைதானாம்.

வெந்துபோன மனசோடு நேரே கரைக்கு வந்தாள். இன்றைக்கு அவள் நம்பியிருந்தது அந்தப் படகை மட்டும்தான்.

வார்னிஷ் வாசம் தூரத்திலேயே மூக்கில் ஏறியது. பலகையெல்லாம் பளபளவென்று இருந்தது. முகப்பில் சிவப்புப் பெயின்ட்டில், ஹட்டன் பஸ்ஸில் எழுதுவது போல அத்தனை பெரிய எழுத்து.

ஜீவ.

அவ்வளவுதான். அதோடு பலகை முடிந்துவிட்டது.

அந்த ரோகினிக்கு மட்டும் முழுசாய் இடம் இருந்ததே!

"கணக்கப்புள்ளதான் அரைப் பேரு போட்டாருன்னா, நீங்களுமா?"

சிவசாமி பெயின்ட் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்து, முகப்பைச் சுற்றி மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

அங்கேயும் அதே சிவப்பு. அதே பெரிய எழுத்து.

ராணி.

"அக்கரையில நிக்கிறவங்களுக்கும் தெரியணும்ல, அதான் பெருசா எழுதுனேன். ரெண்டு அரைப் பேரு சேந்தா முழுப் பேருதானே புள்ள?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது. ஓடிப்போய் அந்தப் பக்கம் பார்த்தாள். திரும்பி வந்து இந்தப் பக்கம் பார்த்தாள்.

கொழுந்து பறித்த இருபத்திரண்டு வருசத்தில் எந்தக் கணக்கப்பிள்ளையும் அவளுக்கு இப்படிக் கூட்டிப் போட்டதில்லை.