கூரையில் ஒரு வாசல்

முதுகெலும்பு முறிந்ததிலிருந்து ரெஜினா மல்லாந்தே கிடந்தாள். கழுத்துப்பட்டை அவளைத் திரும்ப விடவில்லை. நாளடைவில் பேச்சும் நின்றுபோனது. கணவன் சூசை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பைக் ஹெட்லைட் பல்பு, பழைய செல்போனின் திரை, பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் அடுக்கி, கூரையில் படம் காட்டும் கருவி ஒன்றைச் செய்தான். முதல் திரை பல்பின் சூட்டில் கருகியது. அடுத்ததில் படம் புரை விழுந்த கண்ணுக்குத் தெரிவதுபோல் மங்கியது. லென்ஸை நகர்த்தி நகர்த்தி, காலையில் எடுத்த தன் வீட்டு வாசலின் வீடியோவைக் கடைசியில் தெளிவாக விழவைத்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்று அண்ணாந்து பார்த்தான். இரும்புக் கேட்டும் முருங்கை மரமும் கொடியில் காய்ந்த துணிகளும் தலைகீழாகத் தொங்கின. லென்ஸ் படத்தைக் கவிழ்த்துவிடும் என்பதை மறந்தே போயிருந்தான். சலிப்போடு ஸ்விட்சைத் தேடினான்.

"அணைக்காதீங்க," என்றாள் ரெஜினா.

சூசையின் கை அப்படியே நின்றது. "தலைகீழால்ல இருக்கு."

"அங்க நின்னு பாத்தா அப்படித்தான் தெரியும். இங்க வந்து படுங்க."

அவளருகே ஒடுங்கிப் படுத்தான். மரம் நிமிர்ந்து நின்றது. ரெஜினா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வானம் இருட்டிக்கிட்டு வருது, துணி கொடியிலேயே கிடக்கு. ஒரு வேலை உருப்படியா செய்யறீங்களா? போய் எடுங்க."

மதியமே எடுத்து மடித்துவைத்த துணிதான். ஆனாலும் சூசை எழுந்து வாசலுக்கு ஓடினான்.