தவளை துள்ளாத காலை

சலவைக்கடை ஜன்னல் வெயிலில் ஈரத்துணியின் ஆவி மெல்ல எழுகிறது. மார்புத் தசைக்கு அடியில் இருந்த செயற்கை மார்பகங்களைத் தசைக்கு மேலே மாற்றிவைத்த அறுவை சிகிச்சை முடிந்து, டாக்டர் சரி சொன்னபின், அக்கா இன்றுதான் இஸ்திரிப் பெட்டியைத் தொடுகிறாள். முன்பெல்லாம் பெட்டியை அழுத்தினாலே தசை இறுகி இடப்பக்க மார்பு வெடுக்கென்று துள்ளும். தங்கை அதற்கு வைத்த பேர் தவளை. அதை மறைக்கத்தான் கொளுத்தும் வெயிலிலும் அக்காவின் தோளில் எப்போதும் ஒரு சால்வை, இன்றும்கூட.

"குதிக்குதாக்கா?" தங்கை கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள்.

அக்கா சட்டைக் காலரை அழுத்தித் தேய்க்கிறாள். ஒன்றும் அசையவில்லை.

"கண்ணத் தொறடி கழுதை. சமர்த்தா தூங்குது."

தங்கை சிரிக்கிறாள், கண்ணோரம் ஈரம். அக்கா சால்வையை உருவி, உதறி, சுடச்சுடத் தேய்த்து மடித்து நீட்டுகிறாள்.

"இந்தா, உனக்குத்தான் எப்பவும் குளிரும்."