விருதுநகருக்கு மேல் ஒரு புள்ளி

மரகதவல்லி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

புதிய விமானப் பாதுகாப்பு விதி பற்றி மதுரையில் நடந்த அந்தக் கருத்துக் கேட்பில் அவளுக்குக் கொடுத்தது ஐந்து நிமிடம். முன்னால் பேசிய பெரிய விமான நிறுவனத்தின் வழக்கறிஞர் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். வானத்தில் எல்லோருக்கும் ஒரே விதி, எல்லா விமானத்திலும் ஒரே கருவி என்றார்.

விமானம் எங்கே பறக்கிறது என்று தரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி. விலை பதினாறு லட்சம்.

அவளுடைய பயிற்சிப் பள்ளியில் இருப்பது ஒரே விமானம். இரண்டு பேர் உட்காரலாம். அதை விற்றாலே பதினான்கு லட்சம்தான் தேறும்.

விதியை எழுதிய அதிகாரி வேங்கடரமணி நிமிர்ந்தார்.

"காசில்லைன்னு பாதுகாப்பை விட்டுட முடியுமா, மரகதவல்லி மேடம்?"

"விடச் சொல்லலை சார். என் தம்பி ஓட்டின விமானம் மேகமலையில விழுந்துச்சு. எங்க விழுந்துச்சுன்னு தெரியாம நாலு நாள் தேடினோம். ரெண்டாவது நாள் வரைக்கும் உயிரோட இருந்திருக்கான்னு டாக்டர் சொன்னார்."

அரங்கில் நாற்காலிச் சத்தம் நின்றது.

"கருவி வேணும். எங்களால வாங்க முடியற கருவி வேணும்."

பையிலிருந்து ஒரு சிறிய கருவியை எடுத்து மேசையில் வைத்தாள். சோப்புப் பெட்டி அளவு. நாற்பதாயிரம் ரூபாய்.

"தாழப் பறக்கிற எங்களுக்கு இதுவே போதும் சார்."

"எப்படி நம்புறது?"

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அனுமதி வாங்கி, காலையிலேயே அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில், கருவியின் சிக்னலைப் பிடிக்க ஆன்டெனா நட்டிருந்தாள்.

திரையில் விருதுநகருக்கு மேல் ஒரு பச்சைப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது.

"அந்தப் புள்ளிதான் எங்க விமானம். இதே கருவி அதுல இருக்கு. ஓட்டுறது என் தம்பி மக, இளமதி."

அதிகாரி செல்பேசியில் விமான நிலையத்தைக் கூப்பிட்டார்.

"விருதுநகர் பக்கம் பறக்கிற அந்தப் பொண்ணை இடது பக்கம் திரும்பச் சொல்லுங்க."

அரங்கமே எழுந்து மேசையைச் சூழ்ந்தது. வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானக்காரர்கள், எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டும் சங்கத்துக்காரர்கள். வழக்கறிஞரும்.

புள்ளி நேராகப் போனது.

இன்னும் நேராக.

மரகதவல்லி திரையை நோக்கிக் குனிந்தாள்.

புள்ளி திரும்பியது.

இடது பக்கம்.

யார் முதலில் கை தட்டியது என்று தெரியவில்லை. யாரோ விசிலடித்தார்கள். வழக்கறிஞர் அவளுக்குக் கை கொடுத்தார். தான் சிரிக்கிறோம் என்பது கன்னம் வலித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதிகாரி விதியின் வரைவைத் திறந்தார். 'ஒரே கருவி' என்றிருந்த வரியை அடித்தார். சிறிய விமானங்களுக்கு இந்த வகைக் கருவி போதுமானது என்று ஓரத்தில் எழுதினார். அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.

உதவியாளர் குனிந்தார். "சார், சாப்பாட்டு நேரம்."

அதிகாரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருங்க. அந்தப் பொண்ணு இறங்கட்டும்."