காற்று வராத மடிப்பு

ஊதுபத்திப் புகை நேராக மேலே போனது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கொஞ்சமும் வளையவில்லை.

சரிவு முழுக்க ஏறி இறங்கியாயிற்று. மற்ற இடங்களில் எல்லாம் மலைக்காற்று புகையைத் தட்டிப் பறித்துக்கொண்டு போனது. இந்தப் பாறை மடிப்பில் மட்டும் காற்று இல்லை. காலை வெயில் தாராளமாக விழுகிறது.

இங்கே கட்டினால் ஹீட்டர் வேண்டாம். பகலில் விளக்கு வேண்டாம். மலை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு கூடம், மலைக்குப் பாரமில்லாமல். கட்டடக் கலைஞராக அவள் பெயரில் எழப்போகும் முதல் கட்டடம். வனத்துறை அதிகாரி வந்து தலையாட்டினால் இன்றைக்கே முளை அடித்துவிடலாம்.

பின்னால் வந்த சங்கிலிமுத்து மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"பூசை இன்னைக்கேங்களா மேடம்? தேங்கா வாங்கியாரலையே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊதுபத்தியை மண்ணில் செருகக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

புல் வட்டமாக அமுங்கிக் கிடந்தது. பக்கத்தில் இன்னொரு வட்டம், சின்னதாக.

உள்ளங்கையை வைத்தாள்.

சூடு.

சுற்றியிருந்த புல்லில் இன்னும் பனி ஈரம்.

எதிர்ப் பாறையில் வரையாடுகள் நின்றன. தாயும் குட்டியும் முன்னால். அவை ஓடவில்லை. இவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தன.

ஆளில்லாத நேரத்தில் அடுத்தவர் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

முதலில் எரிச்சல்தான். இவ்வளவு பெரிய மலையில் இவற்றுக்கு வேறு இடமா இல்லை?

அதை அவளிடமும் கேட்கலாம்.

வெயிலையும் காற்றையும் அளந்து அளந்து அவள் கண்டுபிடித்த இடம். அவை எதை வைத்துக் கண்டுபிடித்தன? அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கட்டடத்தின் மேல் இருந்த ஆசையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

கீழே இறங்கினாள், கைவிட்ட கல்குவாரிக்கு. புல்கூட முளைக்காத பள்ளம். காற்று துப்பட்டாவைப் பிய்த்தது.

"இங்கீங்களா? போட்ட ஓடு நிக்காதுங்களே" என்றார் மேஸ்திரி.

நிற்க வைக்க வேண்டும். எப்படி என்று அவளுக்கும் தெரியாது. இதுவரை வரைந்ததெல்லாம் வீண். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி பள்ளத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இங்க கட்டினா, வர்றவங்க எதைம்மா பாப்பாங்க?"

அவள் மேலே கைகாட்டினாள்.

பாறை மடிப்பில் தாயாடு முன்னங்கால்களை மடக்கிக்கொண்டிருந்தது.