மூன்று வரி நீல ஓடு

அடுத்தவர் விட்டுப்போன ஓடுகளில் குடியிருந்தே வளர்ந்த நண்டு ஒன்றுக்கு, இருந்த ஓடு இறுக்கிப் பிடித்தது. கரையில் கிடந்த சங்கிடம் போய் வழி கேட்டது. எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லும் சங்கு அது.

"கரும்பாறை அடியில மூணு வரி போட்ட நீல ஓடு கிடக்குது, கண்ணு. உனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கும்."

அப்போது பக்கத்துப் பாறை இடுக்கில் எதுவோ அசைந்தது.

நண்டு கரும்பாறை அடியில் போய்ப் பார்த்தது. வெறும் மணல்தான். மறுநாள் காலையில் போனால், சொன்ன இடத்தில், சொன்ன நிறத்தில், எண்ணி மூன்று வரியோடு ஓடு கிடந்தது.

பழைய ஓட்டிலிருந்து பாதி உடம்பை வெளியே இழுத்துவிட்ட நண்டு, ஏனோ தயங்கியது. ஒரு கூழாங்கல்லை உள்ளே உருட்டிவிட்டது. கல் அடியில் மோதும் சத்தம் வரவில்லை. எதுவோ அதை மென்று பார்க்கும் சத்தம் வந்தது.

நண்டு ஓடிய ஓட்டம் சங்கின் முன்னால்தான் நின்றது. "சங்கக்கா, அந்த ஓட்டை வேற யாருக்கெல்லாம் சொன்னீங்க?"

"கேட்டவங்க எல்லாருக்கும்தான், கண்ணு," என்றது சங்கு, அதே இனிமையோடு. "விடிஞ்சதிலிருந்து நாப்பது பேர் போனாங்க. ஒருத்தர்கூடத் திரும்பி வந்து குறை சொல்லலையே!"