வாசலைப் பார்த்த செருப்புகள்

"எங்களப் போகச் சொல்றீங்களா, உம்மு குல்சும்?"

மாப்பிள்ளையின் உம்மா ஸெய்னம்பு வாசற்படியில் நின்றபடி கேட்டாள். உம்மு குல்சும் குனிந்து பார்த்தாள். பெண் பார்க்க வந்த அத்தனை பேரின் செருப்புகளும் சோடி சோடியாக, நுனி தெருவாசலைப் பார்க்க, ஒழுங்காகத் திருப்பி அடுக்கப்பட்டிருந்தன. எழும்பி நடையைக் கட்டுங்கள் என்று வாயால் சொன்னால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

"இது மேல்மாடி ஜப்பான் மிஸ்ஸிட வேல, ராத்தா. அவங்கட ஊர்ல அதுதான் மரியாதையாம்."

யார் காதில் வாங்கியது? கிண்ணியாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை சஜீத், உம்மாவின் பின்னால் போய் வான் வண்டியில் ஏறிக்கொண்டான். வண்டி போயே போய்விட்டது.

கெய்கோ மிஸ் நல்ல மனுஷிதான். போன வருஷம் வந்து மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஜப்பான் மொழி படிப்பிக்கிறார். உம்மு குல்சுமின் மகள் றுமானாவும் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். ஆனால் செருப்பைக் கண்டால் மிஸ்ஸின் கை சும்மா இராது. மீன்காரருடையதோ, கரண்ட் பில் எழுத வருபவருடையதோ, உடனே திருப்பி வைத்துவிடுவார். வந்தவர் போகும்போது சிரமப்படாமல் காலை நுழைக்க வேண்டுமாம்.

லீவு நாளென்றால் தொப்பியும் கமராவுமாகக் கிளம்பிவிடுவார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒன்றையும் விடாமல் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினார். கோட்டையடியில் மேயும் மான்களுக்கு முன்னால் குனிந்து வணக்கம் வைத்தார். அவருடைய ஊரில் மான்கள் பதிலுக்குக் குனியுமாம். திருகோணமலை மானுக்கு அந்தப் பழக்கமெல்லாம் ஏது? மிஸ்ஸின் பணிஸைப் பையோடு தின்றுவிட்டது. இதையெல்லாம் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான் உம்மு குல்சும்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வாப்பா இல்லாத பிள்ளை றுமானா. இப்படியொரு இடம் இனி எப்போது அமையும்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினாள். மாடிப்படியடியில் பைப்பைத் திறந்து, காலில் ஒட்டியிருந்த மணலைக் கழுவிக்கொண்டு நின்றார் கெய்கோ மிஸ். உம்மு குல்சும் அழுது கொட்டி முடிப்பதற்குள் மிஸ் இடுப்பை மடித்து ஆழக் குனிந்துவிட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க. நான் வந்து கதைக்கிறன்."

சொன்னபடியே மறுநாள் இருவரும் பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனார்கள். ஸெய்னம்புவின் வாசலில் மிஸ் தலை முழங்காலில் முட்டுமாப்போல் குனிந்தார். வெளிநாட்டுக்காரி ஒருத்தி தனக்கு முன்னால் இப்படிக் குனிவதைத் தெருவே பார்த்ததில் ஸெய்னம்பு குளிர்ந்துபோனாள். வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாக வாக்குக் கொடுத்தாள். இவர்கள் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள்: கலியாணத்துக்குப் பிறகு பிள்ளைக்கு ஜப்பான் வகுப்பெல்லாம் சரிவராது. உம்மு குல்சும் சட்டென்று சம்மதமாகத் தலையாட்டினாள்.

வியாழன் பின்னேரம் குசினியில் வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தவளுக்கு மிஸ் போனில் ஒரு படம் காட்டினார். நிலாவெளியில் கரைவலை இழுப்பவர்களோடு மிஸ்ஸும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் மணலாக நின்றார். எப்போது போனது என்று உம்மு குல்சும் பேச்சுக்குக் கேட்டாள்.

"சனிக்கிழமை. காலைல போய்ப் பின்னேரம்தான் வந்தனான். கால் கழுவேக்குள்ள நீங்க அழுதுகொண்டு வந்தீங்க."

முட்டை அடித்த கை நின்றது. "அப்ப அந்தச் செருப்பு?"

"எனக்குத் தெரியாது."

"பிறகு ஏன் மன்னிப்புக் கேட்டீங்க?"

"நீங்க அழுதீங்க," என்றார் மிஸ், இதிலென்ன கேள்வி என்பதுபோல.

உம்மு குல்சும் மெதுவாகத் திரும்பினாள். மூலையில் ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்த றுமானா தலையை நிமிர்த்தவில்லை.

"நான்தான் உம்மா. இந்த மாப்பிள்ள வேணாமெண்டு வாயால சொல்ல ஏலாமப் போச்சு. நீங்களும் ஒரு நாளும் கேக்கல்ல."

உம்மு குல்சுமுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. எங்கேயோ பிறந்தவர் தன் கண்ணீரைக் கண்டு செய்யாத குற்றத்துக்குக் குனிந்தார். பெற்றவள் நான் பிள்ளையின் முகத்தை ஒருதரம்கூடப் பார்க்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள். ஆனால் விடிந்தால் ஆட்கள் வந்துவிடுவார்கள். பேசாமல் வேலையைப் பார் என்று மட்டும் மகளிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்தார்கள். வட்டிலப்பத்தை வழித்துத் தின்றார்கள். ஜப்பான் மிஸ் வீட்டில் இல்லைதானே என்று ஸெய்னம்பு ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். மிஸ் மான் பார்க்கப் போயிருந்தார். றுமானாவைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, கையைப் பிடித்த பிடி விடவில்லை ஸெய்னம்பு. உம்மு குல்சும் தேத்தண்ணியும் பலகாரமுமாக நடையாய் நடந்தாள்.

நல்ல நாள் பார்த்துச் சொல்லி அனுப்புவதாகச் சிரித்தபடி எழும்பிப்போய்க் கதவைத் திறந்த ஸெய்னம்பு, அப்படியே நின்றுவிட்டாள். அத்தனை செருப்பும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

"இது ஆரிட வேல?"

"என்ட வேலதான், ராத்தா," என்றாள் உம்மு குல்சும்.